செவலைக்குப் படையல்

செத்துப்போன மாட்டின் போட்டோவுக்கு வல்லரசு சம்பங்கி மாலை போட்டு, பக்கத்தில் அகல் விளக்கும் ஏற்றி வைத்திருந்தான் பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை அரித்தது. ஓங்கி ஒன்று விடலாமென்றுதான். போட்டோவுக்குக் கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்து ஒட்டியிருந்தான்: 'எங்கள் செவலை. நிறைவாழ்வு வாழ்ந்து, முதுமையில் இயற்கையோடு கலந்தாள்.' முதுமையாம்! மூன்றாவது ஈத்துதான் முடிந்திருந்தது. கன்றுக்குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை. அந்த மாட்டுக்கு முதுமை. இவன் வாயில் மண் விழ.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோர் விற்கிறவள் நான். சரசு கடை என்றால் தெரியும். என் வீட்டுக்கும் கஸ்தூரி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்த வீட்டில் தாளிப்பது எனக்குத் தும்மலாக வரும், என் வீட்டுச் சண்டை அந்த வீட்டுக்குக் கதையாகப் போகும். என் கடை மோர் செவலையின் பால்தான். வல்லரசு வேறு யாரோ இல்லை. கஸ்தூரி அக்காவின் வீட்டுக்காரர் அப்பாதுரைக்குக் கூடப் பிறந்த தம்பி. படித்தவன், பெங்களூரில் வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு வந்து செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், 'தழை' என்று ஓர் ஓட்டல் வைத்தான். வரகு தோசை, சாமைப் பொங்கல், முருங்கைக்கீரை ரசம். வெள்ளைக்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் செருப்பைக் கழற்றி விட்டுப் பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாசலில் பெரிய பலகை: 'எங்கள் சமையலறையிலிருந்து ஒரு பிடி குப்பைகூட மண்ணுக்குப் பாரமாகாது. எல்லாம் எங்கள் மாடுகளுக்கே.'

மாடுகளுக்கே என்றால் எத்தனை மாடு? ஒரே மாடு. அதுவும் அவனுடையதில்லை, அண்ணியுடையது.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, பொய் சொல்ல மாட்டேன். காலையில் நீல ட்ரம் ஒன்று மொபெட்டில் வரும். அதில் காய்த்தோல், கீரைக்காம்பு, அரிசி கழுவிய தண்ணீர், மிச்சச் சோறு. அக்கா அதைத் தொட்டியில் கொட்டி, தவிடும் மல்லாட்டைப் புண்ணாக்கும் போட்டு, புடவையை முழங்கைக்கு மேல் செருகிக்கொண்டு கையை உள்ளே விடுவாள். அடிவரைக்கும் விடுவாள். மீன் பிடிக்கிறவள் குட்டையில் துழாவுகிற மாதிரி விரல்களாலேயே பார்த்துக்கொண்டு போவாள். எங்கேயோ ஒரு ரப்பர் பேண்டு மாட்டும். ஒரு மாங்கொட்டை வரும். எடுத்து வெளியே போடுவாள். அப்புறம்தான் செவலை வாய் வைக்கலாம். நாற்றம் நாற்றம்தான், சோப்புப் போட்டாலும் போகாது. "இன்னாக்கா, ஒரு கோலால கிண்டக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "கோலுக்குத் தெரியுமாடி எது தோலு, எது கவருனு?" என்றாள்.

ஆடியில் அவள் மகள் நந்தினிக்கு வயிற்றில் பிள்ளை நிற்பது கஷ்டம், படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நந்தினி வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகக் கட்டின வீடு. அக்கா துணிமணியைக் கட்டிக்கொண்டு போனாள். போகிறபோது வாசலில் நின்று வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்குச் சுவர் தாண்டிக் கேட்டது.

"தொட்டியில கையை வுட்டுப் பாத்துட்டுத் தண்ணி காட்டு. மறந்துடாத."

"எனக்குத் தெரியாதா? நீ போ," என்றார் அவர்.

பிரசவம் ஆகி, பேரப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அக்கா திரும்பி வரும்போது தை பிறந்துவிட்டது. நடுவில் கார்த்திகை தீபம் வந்து போனது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் வல்லரசுக்கு ஆசை தாங்கவில்லை. லாட்ஜுகளுக்கு ரூம் ரூமாகப் பார்சல் அனுப்ப ஆரம்பித்தான். சட்டினியைக் கட்டக் கவர், சோற்றைச் சுற்ற மெல்லிசு பிளாஸ்டிக் தாள், சமைக்கிறவர்கள் கையில் மாட்டிக்கொள்ளக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கையுறை. எல்லாம் சமையல்கட்டுக்குள்தான், சாப்பிட வருகிறவர்கள் கண்ணில் படாது. வேலை முடிந்ததும் எங்கே போகும்? கிட்டத்தில் இருக்கிற ட்ரம்மில்தான்.

அக்கா வந்த வாரத்திலேயே செவலை தீனியைத் தொடவில்லை. இடது பக்கம் வயிறு தூக்கிக்கொண்டு நின்றது, தட்டினால் தவில் மாதிரி சத்தம். வேப்பெண்ணெய் கொடுத்தாள், வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மாட்டு டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, புளிய மரத்து நிழலிலேயே கட்டிப் போட்டு, மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவைக் கிழித்தார். உள்ளே கையை விட்டு இழுத்தார் பாருங்கள். ஐயோ, அது வந்துகொண்டே இருந்தது! முறுக்கி முறுக்கி, கயிறு திரித்த மாதிரி. கவர், தாள், சட்டினிப் பை, உறிஞ்சுகுழல், கையுறை. செவலை கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா திருப்பவில்லை.

"இது ஒரு நாள்ல சேந்தது இல்லம்மா, மாசக்கணக்குல சேந்தது," என்றார் டாக்டரம்மா. "தொட்டியில கையை வுட்டுப் பாக்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் பாப்பேன் டாக்டர், டெய்லி பாப்பேன்," என்று அப்பாதுரை முந்திக்கொண்டார்.

தொட்டியோரமாகத் தைலமரக் கோல் ஒன்று சாத்தி வைத்திருந்தது. பாதிக்கு மேல் வெளுப்பு, பாதிக்குக் கீழே கழனித் தண்ணீர் ஊறிக் கறுப்பு. அக்கா அதையே பார்த்தாள். அப்புறம் எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் விறகோடு வைத்தாள்.

மறுநாள் செவலை போய்விட்டது. கொல்லையில் தென்னை மரத்தடியில் குழி தோண்டி, உப்பும் மஞ்சளும் கொட்டிப் புதைத்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்ததையும் குழியில் போடப் போனார் அப்பாதுரை. "அத வைய்யி," என்றாள் அக்கா. அன்று சாயங்காலம் அதைக் கல்லில் போட்டு, சோப்பு போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துத் துவைத்தாள். கொடியில் காயப் போட்டாள். எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. நந்தினி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் துணி காய்ந்ததே, அந்தக் கொடியில்.

வல்லரசு துக்கம் கேட்க வந்தான். வந்ததும் கொடியைப் பார்த்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அண்ணி, நடந்தது நடந்துபோச்சி. பசங்க கவனக் கொறவு. நான் வேற மாடு புடிச்சித் தரேன். ஜெர்சி. பாலும் ஜாஸ்தி."

"எனக்கு ஜெர்சி வேணாம்."

"அப்ப இன்னா வேணும், சொல்லுங்க."

"ஒங்கடைக்கு வரவங்க எதிர்ல, 'எங்க ட்ரம்முல வந்த குப்பையாலதான் செவலை செத்தா'ன்னு நீ சொல்லணும். அவ்ளோதான்."

"அண்ணி, அப்பிடிச் சொன்னா கடையை மூட வேண்டியதுதான். கடையோட பேரே அதுமேலதான் நிக்குது. யாவாரம் தெரியாமப் பேசாதீங்க."

"அவளோட உசுருமேல நிக்கிற பேரு எனக்கெதுக்குடா?"

அப்பாதுரை குறுக்கே விழுந்தார். "வுடு கஸ்தூரி. கூடப் பொறந்தவன். ஒரு மாட்டுக்காகத் தம்பியை நடுத்தெருவுல நிக்க வைப்பியா?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொடியிலிருந்த கையுறை ஒன்றை எடுத்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எதற்கென்று நான் அப்போது கேட்கவில்லை.

அதற்கப்புறம் ட்ரம் வந்தால் அக்கா கேட்டைத் திறப்பதில்லை. மொபெட் திரும்பிப் போகும். எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் கருவேல மரத்துக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நான் சுள்ளி பொறுக்கப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். பலகை மட்டும் வாசலில் அப்படியே நின்றது. மாடுகளுக்கே! அந்த மாலை போட்ட போட்டோவும் அந்த நாளில்தான் வந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் கைகூப்பி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் நேரே அக்காவிடம் போய்க் கொட்டினேன். களிக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தாள். முதுமை என்று எழுதியிருக்கிறான் என்று சொன்னதும் துடுப்பு நின்றது.

"வயசாயி செத்துச்சுனா எழுதிக்கிறான்?"

"ஆமாக்கா. வெளக்கு வேற ஏத்திக்கிறான், பெத்த தாயி செத்த மாரி."

அவள் களியை உருட்டி வைத்தாள். அப்புறம் சிரித்தாள். ஐயோ சாமி, அந்தச் சிரிப்பு நன்றாகவே இல்லை.

"போட்டோ வச்சி மாலை போட்டவன், படையல் போட வாணாம்னு சொல்லுவானா சரசு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எங்கள் வகையறாவில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். அவர்கள் விரும்பித் தின்றதை எல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் பரிமாறி, கற்பூரம் காட்டுவோம். அது முடிந்ததும் பங்காளிகள் அந்த இலையில் கை வைத்து ஒரு வாய் எடுக்க வேண்டும். எடுக்காமல் எழுந்தால் செத்தவர்களுக்கும் அவனுக்கும் பகை என்று அர்த்தம். எந்தப் பங்காளியும் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

அவளே செங்கம் ரோட்டுக்குப் போய் வல்லரசிடம் பேசினாள். நானும் கூடப் போனேன்.

"வல்லரசு, நடந்தத மறந்துடலாம். மாசி பவுர்ணமிக்கு ஒங்கடையில ஜனம் வரும் இல்ல? அன்னிக்குச் செவலைக்கு ஒரு படையல் போட்டுட்டா என் மனசு ஆறிடும்."

அவனுக்குக் கண் விரிந்தது. "அண்ணி! நானே நெனச்சேன். பசுவுக்கு நன்றிப் படையல். இந்த மாரி பாரம்பரியம்லாம் இப்ப யாரு செய்யறா? எல்லாருக்கும் சொல்றேன். நீங்க கண்டாங்கிப் பொடவை கட்டிக்கினு வாங்க."

"கட்டிக்கினு வரேன்."

"மெனு இன்னா?"

"அவ கடைசியா இன்னா துண்ணாளோ அதான்."

அதையும் அவன் போஸ்டரில் போட்டுக்கொண்டான், மடப்பயல். 'செவலை விரும்பி உண்டவை.' கீரையும் அகத்திக்கட்டுமாக இருக்கும் என்று நினைத்திருப்பான்.

மாசி பௌர்ணமியன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. மலை உச்சியில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கிரிவலப் பாதையில் ஜனம் வர ஆரம்பித்திருந்தது. இப்போது வெளியே பால் வாங்கித்தான் மோர் கடைகிறேன் என்றாலும் எனக்கு நல்ல வியாபார நாள். இருந்தாலும் கடையைச் சாத்திவிட்டு அக்காவோடு கிளம்பினேன். ஒரு பித்தளை அண்டாவைத் துணியால் வேடு கட்டி எடுத்துக்கொண்டாள். அப்பாதுரையும் வெள்ளை வேட்டி கட்டி வந்தார். படையல் என்று தம்பி கூப்பிட்டிருக்கிறானே. அண்டாவில் என்ன என்று அவரும் கேட்டார்.

"அவ சாப்பாடு," என்றாள்.

'தழை'யில் பாய் போட்டு முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோவுக்குப் புது மாலை. வல்லரசு ஜரிகை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு நின்று, பசுவும் மனிதனும் ஒரே வட்டம், நம் மிச்சம் அவளுக்கு, அவள் சாணம் மண்ணுக்கு, மண் நமக்கு என்று இரண்டு பாஷையிலும் பேசினான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தலைவாழை இலையை நுனி இடப்பக்கம் வருகிற மாதிரி விரித்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். எல்லாம் முறைப்படி. ஓரத்தில் உப்பு வைத்தாள். அப்புறம் அண்டாவில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பரிமாற ஆரம்பித்தாள்.

பொரியல் வைக்கிற இடத்தில் உறிஞ்சுகுழல்கள், சரிசமமாக நறுக்கி. கூட்டு வைக்கிற இடத்தில் சட்டினிப் பைகள். அப்பளம் வைக்கிற இடத்தில் நெளிந்துபோன மூடி ஒன்று. நடுவில், சோறு வைக்கிற இடத்தில், அந்த மெல்லிசுத் தாளைக் குவித்தாள். அதன்மேல் கையுறைகளை ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள். எல்லாம் வெள்ளையாக, சுத்தமாக, சோப்பு வாசனையோடு இருந்தன. முதலில் சிலர் சிரித்தார்கள், ஏதோ விழிப்புணர்வு நாடகம் என்று நினைத்துக்கொண்டு. அக்கா கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

வல்லரசு கிட்டே வந்து கீழ்க்குரலில், "அண்ணி, இன்னாது இது? எடுங்க, எடுங்க," என்றான்.

"அவ கடைசியா துண்ணது. ஒங்கடை ட்ரம்முல வந்தது. நீதான் போஸ்டர்ல போட்டிருந்தியே, விரும்பித் துண்ணதுன்னு."

மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெண், ரேவதியாம், மாதாமாதம் வருகிறவளாம், எழுந்து நின்றாள். "அம்மா, புரியல. இது மாட்டு வயித்துல இருந்ததா?"

"ஆமாம்மா. வயித்தைக் கிழிச்சி எடுத்தது. டாக்டரம்மா எடுத்தாங்க, நாந்தான் துவைச்சேன்."

"வயசாகி இறந்ததுன்னு எழுதியிருக்கே?"

"அத எழுதனவரக் கேளுங்க. இதோ நிக்கிறாரு."

எல்லாத் தலையும் வல்லரசு பக்கம் திரும்பியது. அந்தப் பெண் விடவில்லை. "அப்போ மாடு செத்ததுக்கப்புறம் உங்க கிச்சன் வேஸ்ட் எங்க போகுது சார்?"

அவன் போட்டோ பக்கம் திரும்பி மாலையைச் சரிசெய்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏரிக்கரைக்குப் போவுதும்மா! கருவ மரத்துக்குப் பின்னாடி போயிப் பாருங்க, ஈ மொய்க்குது!" என்று கத்தினேன். கத்தினதும் நெஞ்சு எவ்வளவு லேசானது தெரியுமா!

அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு அவனிடம் சொன்னாள். "குந்து வல்லரசு. பங்காளி நீ. படையல்ல கை வைக்காம எழுந்திருக்கக் கூடாது."

"அண்ணி... ஊருக்கு எதிர்ல..."

"ஊருக்கு எதிர்லதான் மாலை போட்ட. குந்து."

அவன் அண்ணனைப் பார்த்தான். அப்பாதுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வல்லரசு இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். வேறு வழியில்லை, செல்போன்கள் எல்லாம் தூக்கிப் பிடித்தாயிற்று. ஒரு கையுறையின் நுனியைப் பிடித்தான். கை உதறியது.

"துண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா. "அவளுக்குத் தெரியாது, துண்ணா. ஒனக்குத் தெரியும், அதான் கை நடுங்குது. இப்ப சொல்லு. வயசாயியா செத்தா?"

"இல்ல."

"பின்ன?"

"என் ட்ரம்முல வந்ததுதான்..."

"அந்தக் கடேசில கீறவங்களுக்குக் கேக்கல."

"என் ட்ரம்முல வந்த கவராலதான் செத்துச்சி," என்றான் சத்தமாக. சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டான். அழட்டும். எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாயிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ரேவதி போகிறபோது பலகைக்கு முன் நின்று படம் எடுத்தாள். அக்கா போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினாள். போட்டோவைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "இவ எங்க வூட்டு மாடு," என்றாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவன் மூஞ்சி போன போக்கு, கை உதறினது, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்கா போட்டோவை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டு நடந்தாள். அப்பாதுரை எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கால் கழுவிவிட்டு, "சோத்தப் போடு, பசிக்குது," என்று சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கிளம்பப் போனேன். "இரு சரசு," என்றாள் அக்கா. காலையிலேயே வடித்து இறக்கிய சோறு அடுப்போரம் இருந்தது. அடுப்புக்குள் அந்தத் தைலமரக் கோல் பாதி எரிந்து கிடந்தது. அவள் ஓர் இலையைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, புடவை மாற்றினாலும் விடாமல் முடிந்தே வைத்திருந்த அந்தக் கையுறையை எடுத்து, இலையின் நடுவில் விரித்து வைத்தாள். அஞ்சு விரலும் தெரிகிற மாதிரி நீவி விட்டாள்.

"இன்னாடி இது?" என்றார் அவர்.

"டெய்லி கையை வுட்டுப் பாத்தேன்னு டாக்டரம்மாகிட்ட சொன்ன இல்ல?"

அவர் இலையை ஒரு விரலால் தள்ளப் பார்த்தார்.

"ஒன் கை தொட்டிக்குள்ள போவல. இந்தக் கை அவ வயித்துக்குள்ள போச்சி."

"கஸ்தூரி, நாத்தம் புடிச்ச தண்ணி... கோலால கிண்டிப் பாத்தேன், ஒண்ணும் தட்டுப்படல. தெரிஞ்சி செய்யலடி. சத்தியமா."

"ஒந்தம்பியை நாலு பேரு எதிர்ல கேட்டாச்சி. ஒன்னக் கேக்க என்ன வுட்டா யாரு கீறாங்க? அதான் சரசுவ இருக்கச் சொன்னேன்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இந்த மனுஷன் ஏன் தம்பிக்காக அப்படி வக்காலத்து வாங்கினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொல்லையில் கன்றுக்குட்டி தண்ணீருக்குக் கத்தியது. ஒருமுறை, மறுபடி ஒருமுறை.

அப்பாதுரை எழுந்தார். இலையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்தினார். அதில் ட்ரம் குப்பை எதுவும் இல்லை. காலையில் அக்காவே கரைத்து வைத்த தவிட்டுத் தண்ணீர்தான். புளிப்பு வாடை வந்தது. அவர் மூக்கைச் சுளித்தார், அப்புறம் மெல்லக் கையை உள்ளே விட்டார், முழங்கைவரைக்கும். துழாவினார். ஒன்றுமில்லை என்று நிமிர்ந்து பார்த்தார்.

அக்கா கன்றைக் கழுத்துக் கயிற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னும் கீழ," என்றாள்.